இரண்டு பெயருள்ள நடனக்காரி

— வெனெதிக்த் கார்லவிச், அடுப்புக்கிட்ட நிக்குற அந்தம்மாகிட்ட சொல்லுங்க, அவங்க பால் பொங்கி என் கெட்டில் மேல வழியுதுன்னு.

— கபிதொலினா இக்னாத்யெவ்னா, அக்னியா வசீலியெவ்னா சொல்றாங்க, பால் பொங்குதாம்.

— எனக்குக் காது நல்லாவே கேக்குது. டிராம் ஓட்டி ஓட்டிக் காது மந்தமானது அவங்களுக்குத்தான். நாகரிகம் தெரிஞ்சவங்க அடுத்தவங்க பால் பாத்திரத்தை எட்டிப் பாக்க மாட்டாங்கன்னு அவங்ககிட்ட சொல்லுங்க.

— அக்னியா வசீலியெவ்னா, இவங்க என்ன சொல்றாங்கன்னா...

— கேட்டுச்சு, கேட்டுச்சு. நாகரிகமாம்! மூணு வாரத்துக்கு முன்னாடி வரைக்கும் என் உப்பு டப்பாவுல கைய விட்டு அள்ளின நாகரிகம்தானே? அடப் போங்க!

— அம்மணிகளே! நான் எங்க பழைய போஸ்ட்கார்டு சேகரிக்கிறவங்க சங்கத்து சார்பா உங்க கார்டைப் பாக்க வந்தேன். தூது போக வரல. ஒரே வீட்டுல, ஒரே சமையலறையப் பங்கு போட்டுக்கிட்டு, எப்படித்தான் பேசாம இருக்கீங்களோ!

— எப்படியா? நிம்மதியா இருக்கேன். ஆமா, சொல்லிட்டேன். நீங்க பிரோகு எடுத்துக்கோங்க. உள்ள முட்டைக்கோஸ் வச்ச ரொட்டிதான். காலைலதான் சுட்டேன்.

— பாருங்க, நடுவருக்கே லஞ்சம்! கடவுளே, என் நரம்பெல்லாம் துடிக்குது. வெனெதிக்த் கார்லவிச், அந்த மாவைத் தின்னா கண்ணு சொக்கிடும். இதோ என் காளான் ஊறுகாய். நானே காட்டுக்குப் போய்ப் பொறுக்கினது.

— அவசரப்படக் கூடாது. ரெண்டையும் சாப்பிட்டுப் பாக்குறதுதான் நியாயம். ம்... ம்ம்... சரி, கார்டை எடுங்க. தட்டுலேர்ந்து தள்ளி வைங்க, எண்ணெய் பட்டுடப் போகுது.

— இந்தாங்க, என்னோடது. கீழ என்ன அச்சடிச்சிருக்குன்னு சத்தமா படிங்க. பியானோ டீச்சரம்மாவுக்கும் கேக்கட்டும்.

— ‘செல்வி பொலோஸ்கினா’.

— எங்கம்மாவோட அத்தை! செராஃபிமா பொலோஸ்கினா! ஜார் காலத்துல ஆடினவ. அவ்வளவுதான், விஷயம் முடிஞ்சுது. முத்திரையைக் குத்துங்க.

— முடியல. இப்போ என்னோடதைப் படிங்க.

— ‘செல்வி வியாலோவா’.

— எங்கப்பாவோட சித்தி! எவ்கேனியா வியாலோவா! அதே வலைத்துணி இறக்கை, அதே பூமாலை, அதே சிரிப்பு. ஒரே ஒரு வித்தியாசம்தான். என்னோடதுல இடது பக்கம் பாக்குறா, அவங்களோடதுல வலது பக்கம் பாக்குறா. தப்பு பண்ணினவங்கதானே முகத்தைத் திருப்பிக்குவாங்க?

— கேட்டீங்களா? எங்க செராஃபிமா அத்தையைத் திருடிங்குறாங்க!

— திரும்பினதெல்லாம் ஒண்ணுமில்ல. அச்சடிச்சவன் கண்ணாடித் தகட்டைப் புரட்டிப் போட்டிருக்கான். படம் ஒண்ணுதான். அதுதான் உங்க சிக்கலும், உங்க சண்டையும். தியேட்டர் மியூசியத்துல தெளிவா சொல்லிட்டாங்க. எந்தப் படத்தை எங்க சங்கம் அடையாளம் கண்டு முத்திரை வைக்குதோ, அந்த நடனக்காரியோட வாரிசுக்கு தியேட்டர் விழா அன்னைக்கு, ஜார் உக்காந்து ஆட்டம் பாத்த அந்த ஜார் பால்கனில ஒரு நாற்காலி. கார்டு ரெண்டா இருக்கலாம். படம் ஒண்ணு, நாற்காலியும் ஒண்ணு.

— அந்த நாற்காலி எனக்குத்தான். வெனெதிக்த் கார்லவிச், நான் சொல்றதைக் கேளுங்க. வேலைல சேந்த நாள்லேர்ந்து அந்தத் தியேட்டர் வாசல்லதான் டிராமை நிறுத்தினேன். ஆட்டம் முடிஞ்சு ஜனங்க ஏறுவாங்க. அழுதுக்கிட்டு ஏறுவாங்க, பாடிக்கிட்டு ஏறுவாங்க, ஒருத்தர் கையில செருப்பைத் தூக்கிக்கிட்டு ஏறினார். உள்ள என்னதான் நடக்குதுன்னு நான் ஒருநாள்கூடப் பாத்ததில்ல. எனக்கு ஆசையா இருக்கு. ஆமா, சொல்லிட்டேன், ஆசையா இருக்கு.

— எனக்கு மட்டும் என்னவாம்? நான் உள்ள போயிருக்கேன், இல்லங்கல. உச்சி மாடில, தூணுக்குப் பின்னாடி. அந்த டிக்கெட்டுக்குத்தான் ஒரு பியானோ டீச்சர் சம்பளம் கட்டுப்படியாகும். அங்கேர்ந்து மேடையில வலது பாதிதான் தெரியும். பாலேல இடது பக்கமா போய் விழுந்து செத்த அன்னம் எத்தனை! என்னைப் பொறுத்தவரைக்கும் அதெல்லாம் இன்னும் உயிரோடதான் இருக்கு. ஒரு தடவை, ஒரே தடவை, முழு மேடையப் பாத்துடணும்.

— ரெண்டும் நியாயமான ஆசை. ஆனா ஆசைக்கு முத்திரை வைக்க முடியாது. அந்தப் பிரோகுல இன்னொரு துண்டு... நன்றி. இப்போ வேலைக்கு வருவோம். முதல்ல பேரை மறந்துடுங்க. அந்தக் காலத்துல கார்டு போட்டவனுங்க பேரை வாய்க்கு வந்தபடி அடிப்பானுங்க. ஒரு தடவை குண்டு ஓபரா பாடகர் படத்துக்குக் கீழ ‘வனதேவதை’ன்னு போட்டிருந்தான்.

— அப்போ முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. வியாலோவா குடும்பத்து முகம்னா தனியாத் தெரியும்.

— முகத்தையும் மறந்துடுங்க. படத்தைத் தூரிகையால திருத்தி அழகாக்குறவன் ஒருத்தன் இருப்பான். கண்ணைப் பெருசாக்குவான், மூக்கைச் சின்னதாக்குவான், இடுப்புல ரெண்டு பக்கமும் சீவி எடுப்பான். அவன் கையில மாட்டினா நானும் அழகிதான். ஆனா அவன் தொடாத இடம் ஒண்ணு இருக்கு. காது! காதை அழகாக்கணும்னு எவனுக்கும் தோணாது. நாங்க ஆளைக் கண்டுபிடிக்கிறதே காதை வச்சுத்தான். ஜன்னல்கிட்ட வாங்க ரெண்டு பேரும். அக்னியா வசீலியெவ்னா, தலைத்துணியை எடுங்க.

— எதுக்கு?

— குடும்பத்துக் காதைப் பாக்கணும்.

— டாக்டர்கிட்டகூட நான் காதைக் காட்டினதில்ல. இந்தாங்க. வேகமாப் பாருங்க, குளிருது.

— ம்... வட்டமான காது. கீழ் மடல் தொங்குது. நல்ல அகலம். உறுதியான காது.

— உறுதியான காதுன்னா நல்லதா கெட்டதா?

— அவசரப்படக் கூடாது. கபிதொலினா இக்னாத்யெவ்னா, கொண்டையைக் கொஞ்சம் தூக்குங்க. அட! மேல் நுனி கூரா இருக்கு. மடல் கன்னத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கு. இப்போ கார்டு... லென்ஸ் எங்க? கூர் நுனி. ஒட்டின மடல். அம்மணி, இது உங்க காதேதான்!

— கடவுளே! ஸ்கூல்ல எல்லாரும் என்னை வௌவால்னு கூப்பிட்டாங்க. அந்தக் காது இன்னைக்கு எனக்கு ஜார் பால்கனியை வாங்கிக் குடுத்துருச்சு! அவங்ககிட்ட சொல்லுங்க வெனெதிக்த் கார்லவிச், கூரான காதுன்னு சொல்லுங்க.

— சொல்ல வேண்டாம், எனக்கும் கண்ணு இருக்கு. ஆனா ஒண்ணு கேக்குறேன். பாலேக்காரி காதாலயா ஆடுறா? காலைப் பாருங்களேன்! அந்தப் பாதத்தைப் பாருங்க, நுனிவிரல்ல எப்படி நிக்குறா!

— கால் எல்லாம் சும்மா, கார்லவிச். காது சொல்லிடுச்சு.

— இல்ல, இல்ல. கேள்வி நியாயமானது. பாதத்து வளைவையும் தூரிகைக்காரன் தொட மாட்டான். ஏன்னா அதைப் பாக்கத்தான் பாதிப் பேர் காசு குடுத்துக் கார்டு வாங்குறான். செருப்பைக் கழட்டுங்க ரெண்டு பேரும்.

— சமையலறைலயா? நான் நாகரிகமான குடும்பத்துல பொறந்தவ.

— நாகரிகத்துக்குக் கால் இல்லபோல. நான் கழட்டிட்டேன். காலுறையும் போச்சு. பாருங்க!

— அக்னியா வசீலியெவ்னா! இதென்ன வளைவு! அடில ஒரு பூனையே நுழைஞ்சு போயிடும்போல இருக்கே! கொஞ்சம் நுனிவிரல்ல நில்லுங்க. அடுப்பைப் பிடிச்சுக்கோங்க. வேண்டாம், அடுப்பு வேண்டாம், சுடும், அலமாரியைப் பிடிங்க. முட்டியை நேரா நீட்டுங்க... ஐயோ! முட்டி பின்பக்கமா வளையுது!

— அது பொறவிலேயே அப்படித்தான். டாக்டர் அதுக்குத் தைலம் எழுதிக் குடுத்தார்.

— தைலமா! அந்த முட்டிக்காகத் தவம் கிடந்தவங்க எத்தனை பேர் தெரியுமா? கார்டைப் பாருங்க. அதே வளைவு, அதே முட்டி. கபிதொலினா இக்னாத்யெவ்னா, உங்க பாதம்?

— நான் காட்ட மாட்டேன்.

— காட்டச் சொல்லுங்க. தட்டைப் பாதம் அது. காய் நறுக்குற பலகை மாதிரி. குளிச்சுட்டு வந்தா வராந்தா முழுக்க முழுப் பாதமும் தண்ணில பதிஞ்சிருக்கும். வருஷக்கணக்கா நான்தானே துடைக்கிறேன்.

— அப்போ காது இவங்க குடும்பம், கால் உங்க குடும்பம். இது நடக்கக்கூடாதே. நாப்பது வருஷத்துல இப்படி ஒண்ணு... கொஞ்சம் டீ ஊத்துங்க. யாராவது ஊத்துங்க. இருங்க, இருங்க. கழுத்துல கறுப்பு ரிப்பன் கட்டியிருக்கா, கவனிச்சீங்களா?

— கட்டியிருக்கா. நல்லாத்தானே இருக்கு?

— நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. வனதேவதை எதுக்குக் கறுப்பு ரிப்பன் கட்டுறா? லென்ஸைக் குடுங்க. முகத்துல வெளிச்சம் இடது பக்கத்துலேர்ந்து விழுது. கால்ல வலது பக்கத்துலேர்ந்து விழுது. ரிப்பனுக்கு மேல தோல் ஒரு நிறம், கீழ ஒரு நிறம். ஆஹா, களவாணிப் பயலே!

— யாரு களவாணி?

— கார்டு போட்டவன்! அம்மணிகளே, இது ஒருத்தி இல்ல. தலையை ஒரு படத்துலேர்ந்து வெட்டியிருக்கான், உடம்பை இன்னொரு படத்துலேர்ந்து வெட்டியிருக்கான். ஒட்டுப்போட்ட இடத்தை மறைக்க ரிப்பன் வரைஞ்சிருக்கான். தலை வியாலோவா, கால் பொலோஸ்கினா! வியாலோவா முகத்துக்கு ஒரு ரசிகர் கூட்டம் இருந்திருக்கும், பொலோஸ்கினா காலுக்கு ஒரு கூட்டம் இருந்திருக்கும். ஒரே படத்தை அச்சடிச்சு, அந்தக் கூட்டத்துக்கு அந்தப் பேர், இந்தக் கூட்டத்துக்கு இந்தப் பேர்னு போட்டு வித்துட்டான்.

— அப்படின்னா எங்க சித்திக்கு... உடம்பே இல்லையா?

— எங்க அத்தைக்குத் தலை இல்லையா?

— இந்தக் கார்டுல இல்ல.

— அப்போ நாற்காலி யாருக்கு?

— கால் யாருதோ அவங்களுக்கு! இதுல கேள்வி என்ன இருக்கு? தலையை மட்டும் வச்சுக்கிட்டு மேடையில ஒரு சுத்து சுத்திடுவாளா உங்க சித்தி? உருண்டுதான் போகணும்!

— ஓஹோ! தலையில்லாத ரெண்டு கால் வந்து நின்னா, பாத்துக் கைதட்டுறதுக்கு அதென்ன தியேட்டரா, கசாப்புக் கடையா? விலைதான் கேப்பாங்க!

— உருண்டு வந்த தலைக்கு விலைகூடக் கேக்க மாட்டாங்க. சூப்புக்குத்தான் போடுவாங்க.

— உங்க அத்தை காலை வேக வச்சு உறைய விட்டா ஜெல்லி நல்லா வரும். கடுகு அரைச்சுத் தொட்டுக்கிட்டா... ஏன் சிரிக்கிறீங்க?

— நான் சிரிக்கல.

— சிரிக்கிற. தோள் குலுங்குது. எனக்குத் தெரியாதா?

— நீயும்தான் சிரிக்கிற, காப்பா. கடுகு அரைச்சுத் தொட்டுக்கிட்டாவாம்! எங்க செராஃபிமா அத்தையை!

— நீ இப்போ என்கிட்டயா பேசின, அக்னுஷா? நேரா?

— வாய் தவறி வந்துடுச்சு. சரி, பேசினேன். இப்போ என்னங்குற? மூணு வாரமா இந்தச் சமையலறைல எனக்கு மூச்சு முட்டுது. சுவரைப் பாத்துக்கிட்டே எவ்வளவு நேரம்தான் உருளைக்கிழங்கு உரிக்கிறது?

— நான் தினமும் மறந்துபோய் ரெண்டு கப்புல டீ ஊத்திடுறேன். அப்புறம் ஒண்ணை எடுத்துத் தொட்டியில கொட்டுறேன். கொட்டும்போது அழுகை வருது.

— டீயைக் கொட்டினியா? என் கதவைத் தட்ட வேண்டியதுதானே!

— தட்டியிருந்தா நீ திறந்திருப்பியா?

— திறந்திருக்க மாட்டேன். ஆனா தட்டியிருக்கலாம்.

— மனசு நிறைஞ்சுது, அம்மணிகளே. சண்டை தீந்தது. ஆனா நாற்காலி விஷயம் தீரல. சங்கத்து முத்திரை ஒரு பேருக்குத்தான் விழும்.

— விழட்டும். தலை பேருக்கே போடுங்க. பால்கனிக்கு நாங்க மாறி மாறிப் போறோம். ரெண்டு இடைவேளை இருக்குல்ல? முதல் இடைவேளை வரைக்கும் காப்பா உக்காரட்டும். ரெண்டாவது இடைவேளை வரைக்கும் நான். வெளில இருக்குறவ கோட்டு வைக்கிற இடத்துல உக்காந்து சாண்ட்விச் தின்னுக்கிட்டிருப்பா.

— அதுக்கப்புறம் கடைசிப் பகுதிக்கு? கடைசியிலதானே எல்லாரும் சாவாங்க, அக்னுஷா. அதுதான் முக்கியம்.

— அதுக்கு அங்கேயே சீட்டுக் குலுக்கிப் பாத்துக்கலாம்.

— மன்னிக்கணும். சட்டப்படி அது சரிவராது. அரைத் தலைக்கும் அரைக் காலுக்கும் சங்கம் பொறுப்பேத்துக்க முடியாது. பேசாம ‘அடையாளம் தெரியாதவர்’னு எழுதி, கார்டு ரெண்டையும் என்கிட்ட குடுத்துடுங்க. நாற்காலியை மியூசியத்துக்கே திருப்பிடுவோம். சங்கத்துலேர்ந்து தகுதியான யாராவது போய் உக்காருவாங்க.

— தகுதியான யாராவதா? யாரு அது?

— யாரோ ஒருத்தர். அது இப்போ முக்கியமில்ல. கார்டைக் குடுங்க, நேரமாச்சு.

— என்ன திடீர்னு நேரமாச்சு? பிரோகு பாதி இருக்கு, நீங்க அதை விட்டுட்டு எழுந்திரிக்கிற ஆளில்லையே! காப்பா, கார்டைக் குடுக்காத. லென்ஸை எடுத்து நீயே பாரு.

— இரு, பாக்குறேன். தலை எங்களுது. கால் உங்களுது. அப்போ... அக்னுஷா, பூமாலையைப் பிடிச்சிருக்குற கை யாருது?

— எங்க அத்தையோடதா இருக்கும்.

— இல்ல. உங்க குடும்பத்துக் கை மண்வெட்டி மாதிரி, கோவிச்சுக்காத. எங்க வியாலோவா விரலெல்லாம் குட்டையா இருக்கும், அதனாலதான் நான் பெரிய பியானோக்காரியா வரல. நான் யாரைப் பாத்தாலும் முதல்ல கையத்தான் பாப்பேன், தொழில் அப்படி. இது நீளமான கை. சுண்டுவிரல் மட்டும் மத்த விரலோட சேராம, வெளிப்பக்கமா வளைஞ்சு, தனியா கோவிச்சுக்கிட்டு நிக்குது.

— தேவையில்லாத ஆராய்ச்சி. கையும் வெட்டி ஒட்டினதுதான், அவ்வளவுதான். பாலேல கையை யார் பாக்குறா?

— நீங்க பாக்கல, கார்லவிச். காதைப் பாத்தீங்க, முட்டியைப் பாத்தீங்க, ரிப்பனைப் பாத்தீங்க. கைப் பக்கம் மட்டும் லென்ஸையே கொண்டுபோகல. ஏன்?

— அவசரப்படக் கூடாது... அவசரப்படாம யோசிச்சா...

— அக்னுஷா, அவர் டீக் கப்பைப் பிடிச்சிருக்குறதைப் பாரு. கப்பைக் கீழ வைக்காதீங்க, வெனெதிக்த் கார்லவிச்! அப்படியே பிடிங்க!

— அட கடவுளே. சுண்டுவிரல்!

— ...எங்கம்மாவோட சித்தி, மிலிட்சா. அவளுக்குன்னு ஒரு கார்டு எவனும் போடல, கையை மட்டும் வெட்டி எடுத்துக்கிட்டான். நான் இத்தனை வருஷமா பேர் கண்டுபிடிச்சுக் குடுத்த அத்தனை பேரும், அவளைத் தேடும்போது வழியில அகப்பட்டவங்கதான்... அக்னியா வசீலியெவ்னா, எனக்கு அந்த நாற்காலி கடைசிப் பகுதிக்கு மட்டும் போதும், அவளும் மேடையில கடைசி வரிசையிலதான் ஆடினா.